நாலாம் கல்

திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்தபோது, சுவரில் தொங்கிய நிலப்படத்தில் ஓர் எண்ணெய்க் கறை இருந்தது. பெரிய கறை ஒன்றுமில்லை, பெருவிரல் அகலம்தான். வல்லம் கிராமத்துத் தாளில், தென்னந்தோப்பு என்று பச்சை மையால் புள்ளி வைத்திருந்த இடத்தில், தாள் எண்ணெய் குடித்துக் கண்ணாடியாகி, பின்னால் ஒட்டியிருந்த மல் துணியின் இழை வரைக்கும் தெரிந்தது. நாறும்பூநாதன் மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மோந்து பார்த்தார். நல்லெண்ணெய். மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சியது.

முதலில் வல்லிநாயகத்தைத்தான் மனசுக்குள் வைதார். வல்லிநாயகம் அந்தப் போலீஸ் முகாமில் காவலுக்குக் கிடக்கும் கான்ஸ்டபிள், ஆமவடையைத் தின்றுவிட்டுக் கையைச் சுவரில் துடைக்கிற ஆள். கூப்பிட்டுக் கேட்டதற்கு, "நான் அந்த ரூமுக்குள்ள போகவே இல்ல அண்ணாச்சி, சாவி உங்ககிட்டல்லா இருக்கு" என்றார். சாவி நாறும்பூநாதனின் மடியில்தான் இருந்தது. சனிக்கிழமை சாயந்திரம் பூட்டி, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுப் போனவர் அவர்தான். சரி, கூரையிலிருந்து ஏதாவது சொட்டியிருக்கும் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு, கறைமேல் மை ஒற்றுந்தாளை வைத்து, இஸ்திரிப்பெட்டியைச் சூடாக்கி அழுத்தி எடுத்தார். கறை போயிற்று. வாசனை போகவில்லை.

அந்தப் படத்தின் சங்கதியைச் சொல்லியாக வேண்டும். அது ஐம்பத்தெட்டாம் வருஷத்துச் சீசன். சாரல் நன்றாகப் பிடித்துக் குற்றாலத்தில் கூட்டம் தாங்கவில்லை. அந்தக் கூட்டத்தில் எவனோ ஒருவன் பெண்களின் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனான். ஐந்தருவிப் பாதையில் ஒன்று, இலஞ்சி வாய்க்கால் கரையில் ஒன்று, தென்காசி ரயில் கேட்டருகே ஒன்று, இப்படி ஆறு. ஏழாவது தடவை சங்கிலியோடு உயிரும் போயிற்று. பிரசவம் பார்த்துவிட்டுத் தனியாகத் திரும்பிய ரெபேக்காள் என்ற மருத்துவச்சி, காசிமேசர்புரத்துக்கு அப்பால் கழுத்து நெரிபட்டுக் கிடந்தாள். அதற்குப் பிறகுதான் தனிப்படை வந்து, மேலகரத்தில் ஒரு சீசன் பங்களாவை வாடகைக்குப் பிடித்து முகாம் போட்டது. இன்ஸ்பெக்டர் வெளியூர்க்காரர், நிறையப் படித்தவர். களவு நடந்த இடங்களைப் படத்தில் குத்தி வைத்தால் கள்ளன் எங்கே குடியிருக்கிறான் என்று படமே சொல்லிவிடும் என்று எதிலோ வாசித்திருந்தார். படம் வரைய ஆள் வேண்டுமே? சர்வே ஆபீஸிலிருந்து நாறும்பூநாதனை இரவல் வாங்கினார்கள்.

மனுஷர் உற்சாகமாகத்தான் செய்தார். பதினோரு கிராமத்துத் தாள்களை மைலுக்கு நாலு அங்குலம் என்று ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, துணியில் ஒட்டி, ஓர் ஆள் உயரத்துக்குச் சுவரில் தொங்கவிட்டார். செங்கோட்டைப் பக்கத்துத் தாள்கள்தான் பாடாய்ப் படுத்தின. இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை அது திருவிதாங்கூர்ச் சீமை, அளவும் வேறு, எழுத்தும் வேறு. அதையும் இழுத்துப் பிடித்துச் சேர்த்தார். குத்துக்கல்வலசையில் தன் வீடு இருக்கிற இடத்தில், யாரும் கேட்காமலே, ஆசைக்கு ஒரு சின்னச் சதுரமும் போட்டுக்கொண்டார். பிறகு குண்டூசித் தலைகளைச் சிவப்பு அரக்கில் முக்கி ஏழு ஊசி குத்தினார். ஒவ்வொன்றும் இடது ஓரத்திலிருந்து எத்தனை அங்குலம், கீழ் ஓரத்திலிருந்து எத்தனை அங்குலம் என்று குறித்து, கூட்டி, ஏழால் வகுத்து, வந்த இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். வட்டத்துக்குள் ஒரே ஒரு குடிசை இருந்தது.

கடற்கரையின் குடிசை அது. வல்லம் தென்னந்தோப்புக்குக் காவல் இருந்துகொண்டு, சீசனில் அருவிக்கரையில் வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்து விடுகிறவன் கடற்கரை. போன வருஷம் நாறும்பூநாதனே அவன் முன்னால் துண்டோடு உட்கார்ந்து தலையைக் கொடுத்திருக்கிறார். அவனுடைய வலது பெருவிரல் சப்பையாக, நடுவில் சாய்வாக ஓர் அரிவாள் வெட்டுத் தழும்போடு இருக்கும். அந்த விரலை நெற்றிப் பொட்டில் வைத்து அவன் அழுத்தினால் ஒரு வருஷத்து அலுப்பும் இறங்கிப் போகும். வட்டத்தைப் பார்த்த அன்றைக்கு நாறும்பூநாதனுக்கு அந்த விரல் ஞாபகம் வரத்தான் செய்தது. வந்தும், கணக்கு சரியாயிருக்கிறது என்று சொன்னார்.

விடியுமுன்னால் போலீஸ் போனது. பின்னாலேயே கம்போடும் கல்லோடும் ஊர் போனது. கடற்கரை ஓடினான். அத்தனை பேர் சேர்ந்து விரட்டினால் யார்தான் ஓடமாட்டார்கள்? செண்பகாதேவி அருவிப் பாதையில் மேலே ஏறினவன் வெள்ளத்தில் வழுக்கி, மூன்றாம் நாள் பேரருவி விழுகிற பள்ளமான பொங்குமாகடலில் மிதந்தான். குடிசையில் ஒரு குந்துமணித் தங்கம்கூட அகப்படவில்லை. கள்ளன் இல்லாதவன் எதற்காக ஓடவேண்டும் என்று கேட்டுவிட்டு இன்ஸ்பெக்டர் வழக்கை முடித்துவிட்டார். நாறும்பூநாதனின் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

அதற்குப் பத்து நாள் கழித்து, புளியரையில் ஒரு நில அளவைக்காகப் பஸ்ஸில் போனபோதுதான் நாறும்பூநாதன் அந்தக் கல்லைப் பார்த்தார். பழைய திருவிதாங்கூர் மைல்கல். செங்கோட்டையைத் தாண்டி மேற்கே, சாலையோரத்தில், மழையில் கழுவி வெளுத்து நின்றது. அதில் நாலு என்று இருந்தது.

ஏழு ஊசிகளில் மூன்றாவது, சுல்தான் பீவி என்ற பெண்ணுடையது. புனலூருக்கு வண்டியில் போகும் வழியில் சங்கிலியைப் பறிகொடுத்து, எல்லைச் சாவடியில் ஒரு மனு எழுதச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனவள், திரும்பி வரவில்லை. அந்த மனுவில் இடம் என்று இருந்தது ஒரே வரி, நாலாம் கல்லுக்கு அடுத்து. அவளுக்காக அதை எழுதினவர் சாவடிக் குமாஸ்தா, பழைய திருவிதாங்கூர்க்காரர். அவருக்கு நாலாம் கல் என்றால் செங்கோட்டையிலிருந்து மேற்கே எண்ணி வருகிற நாலாம் கல். நாறும்பூநாதன் பிறந்ததிலிருந்து தென்காசியிலிருந்துதான் கல்லை எண்ணியிருக்கிறார். எந்தக் கல் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊசியை ஐந்து மைல் கிழக்கே தள்ளிக் குத்திவிட்டார்.

முகாமுக்குத் திரும்பி, கதவைச் சாத்திக்கொண்டு, மறுபடி கூட்டி ஏழால் வகுத்தார். வட்டம் மூன்று அங்குலம் மேற்கே போய், ஒரு குளத்தின் நடுத் தண்ணீரில் விழுந்தது. அங்கே வீடுமில்லை, குடிசையுமில்லை. படம் யாரையும் காட்டவே இல்லை. இவர் காட்டியிருந்தார்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போகும், மானம் போகும், செத்தவன் திரும்பியா வரப்போகிறான் என்று கணக்குப் போட்டார். வெள்ளிக்கிழமை காலையில் முடிவறிக்கையோடு படமும் கோர்ட்டுக்குப் போகிறது. படம் சரியானது என்று கீழே அவர் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரைக்கும் வாயைத் திறக்கலாம். அதற்கப்புறம் திறந்தும் பிரயோஜனமில்லை.

செவ்வாய்க்கிழமை கறை மறுபடியும் இருந்தது. பழைய இடத்தில் இல்லை. தோப்பைவிட்டு வெளியே வந்து, தென்காசிச் சாலைமேல் இருந்தது. இந்தத் தடவை அவர் ஜன்னலைத் திறந்து, சாரல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ரேகை. பெருவிரல் ரேகை, பானையின் அடிப்பாகம் போல வட்டம் வட்டமாக. அதன் குறுக்கே சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு, எண்ணெய் படாத கோடு. தழும்பு இருக்கிற இடத்தில் எண்ணெய் படாது என்பது அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. கண்ணாடியைக் கீழே வைத்தார். பழக்கதோஷம், ஸ்கேலை எடுத்து வைத்து அளந்தார். முந்தின நாள் இடத்திலிருந்து சாலையோடு சாலையாக நாலு அங்குலம். ஒரு மைல்.

அன்று பூட்டுவதற்கு முன்னால் தரை முழுக்கச் சாக்பீஸ் பொடியைத் தூவினார். ஜன்னல்களுக்குள் ஆணி அடித்தார். வல்லிநாயகம் வாசலில் நின்று பார்த்துவிட்டு, எலியா அண்ணாச்சி என்று விசாரித்தார். எலிதான் என்றார் நாறும்பூநாதன்.

புதன்கிழமை பொடி கலையவில்லை. தூவினது தூவினபடி, ஒரு பூச்சி போன தடம்கூட இல்லாமல் கிடந்தது. விரல் தென்காசி ரயில் கேட்டுக்கு வந்திருந்தது. மறுபடி நாலு அங்குலம். அறை முழுக்க அருவிக்கரை வாசனை, ஈரத்துண்டும் சீயக்காயும் காய்ச்சின எண்ணெயும் சேர்ந்த வாசனை, கதவைத் திறந்துவைத்தும் வெளியே போகாமல் அவருடைய சட்டையில் ஏறிக்கொண்டது. ஒற்றுந்தாளை வைத்து அழுத்தினார். அழுத்த அழுத்தத் தாளில் எண்ணெய் வந்துகொண்டே இருந்தது.

மத்தியானம் வெளியே போனபோது வாசலில் பேச்சித்தாய் நின்றாள். கடற்கரையின் பெண்டாட்டி. தோப்பைவிட்டு விரட்டப்பட்டு, பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்கிப் பிழைத்தாள். தினமும் ஒரு நேரம் நடந்துவந்து இந்த வாசலில் நிற்பாள், யாரும் பேசமாட்டார்கள், போய்விடுவாள். அன்றைக்கு அவர் சைக்கிளைக் குறுக்கே மறித்துக்கொண்டாள்.

"ஐயா, படம் போட்ட ஐயா நீங்கதான்னு சொன்னாங்க. அவரு பொம்பளையாளக் கண்டா ஒதுங்கிப் போற மனுசன். வெள்ளிக்கிழம கோர்ட்டுல கொலகாரன்னு எழுதிட்டாங்கன்னா அப்புறம் அவரு அதுதான், யாராலயும் மாத்த முடியாது. என் மகள எவன் கெட்டுவான்? அந்தப் படம் தப்புன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

நாறும்பூநாதன் சைக்கிளைப் பின்னுக்கு இழுத்தார். "தப்புன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? எனக்கு அவரத் தெரியும்லா" என்றாள்.

அவர் சைக்கிளை வளைத்துக்கொண்டு போய்விட்டார். அன்று சோறு இறங்கவில்லை. மனைவி உலகம்மை நெற்றியில் கைவைத்துப் பார்த்துக் காய்ச்சல் இல்லையே என்றாள். அவள் கை பட்டபோது அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சொல்லியிருக்கலாம். அவளிடமாவது சொல்லியிருக்கலாம்.

வியாழக்கிழமை விரல் தென்காசிக் கோயிலின் மொட்டைக் கோபுரத்தடியில் இருந்தது. அவர் ஸ்கேலை எடுக்க வேண்டாம் என்றுதான் நினைத்தார். எடுத்தார். அங்கிருந்து சாலையோடு நாலு அங்குலம் வைத்துப் பார்த்தார். ஸ்கேலின் நுனி, குத்துக்கல்வலசையில் அவர் ஆசைக்குப் போட்ட சின்னச் சதுரத்தின்மேல் போய் நின்றது.

காகிதம் எடுத்தார். மூன்றாவது ஊசி தவறு, கல்லை மாற்றி எண்ணிவிட்டேன், அந்த மனுஷன்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். நெஞ்சில் இருந்து பாறாங்கல் இறங்கினதுபோல இருந்தது. அப்போது பார்த்து இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். உங்கள் பெயரை மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன், இனிமேல் ஜில்லா முழுக்க இதே மாதிரிப் படம் போடப் போகிறார்கள், நீங்கள்தான் தலைமை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நாறும்பூநாதன் எழுந்து நின்று கும்பிட்டார். கும்பிட்ட கைக்குள் அந்தக் காகிதம் கசங்கியது. மனசு எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக வழி கண்டுபிடிக்கிறது! விரல் வருவது படத்தில்தானே, படம் இந்த இடத்தைவிட்டுப் போய்விட்டால் எல்லாம் போய்விடும், சீக்கிரம் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு என்று சொல்லிற்று. அவரும் கேட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கே வந்து கதவைத் திறந்தார். கண்ணை ஒரு சதுரத்தின்மேல் மட்டும் வைத்துக்கொண்டு நடந்தார். சதுரம் சுத்தமாக இருந்தது. படம் முழுக்கத் தேடினார். பூதக்கண்ணாடி வைத்து அங்குலம் அங்குலமாகத் தேடினார். ஒரு கறையும் இல்லை. கோபுரத்தடியில் நேற்று இருந்ததுகூட இல்லை. தாள் மொடமொடவென்று புதுசாக இருந்தது. வாசனையும் இல்லை. அவருக்குச் சிரிப்பு வந்தது, வெறும் மனப்பிராந்தி என்று வாய்விட்டே சொன்னார். அடியில் "சரியான படம்" என்று எழுதிக் கையெழுத்திட்டார். சுருட்டி, நூல் கட்டி, அரக்கு உருக்கி முத்திரை வைத்தார். வல்லிநாயகம் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் புறப்பட்டார்.

வாசலில் பேச்சித்தாய். அவர் முகத்தையே பார்த்தாள். அவருக்கு உண்மையைச் சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் கடக்கவும் முடியவில்லை.

"எல்லாம் நல்லபடியா எழுதியாச்சு, போ" என்றார்.

அவள் சேற்றில் விழுந்து கும்பிட்டாள். அவருக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது. தலையை வலிக்கிறது என்று சொல்லி லீவு வாங்கிக்கொண்டு, வீட்டைப் பார்த்துச் சைக்கிளை மிதித்தார்.

சாரல் விழுந்துகொண்டிருந்தது. ரயில் கேட்டைத் தாண்டும்போது வாசனை வந்தது. ஏதோ எண்ணெய்ச் செக்கு என்று நினைத்துக்கொண்டார். மொட்டைக் கோபுரத்தைத் தாண்டும்போது இன்னும் கெட்டியாக வந்தது. மிளகு, சீரகம். ரோட்டில் மழைத்தண்ணீரின் மேலே ஏழு வர்ணத்தில் ஒரு படலம் மிதந்து, அவருக்கு முன்னால், அவர் போகிற திசையிலேயே நீண்டுகொண்டு போயிற்று. மிதித்தார். செயின் கழன்றது. சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு ஓடினார்.

வெளிக்கதவு திறந்து கிடந்தது. பிடியில் எண்ணெய்.

"உலகம்மை."

நடையில் ஈரம். அடுக்களையில் வெந்நீர் கொதிக்கிற சத்தம். பின்வாசல் திறந்திருந்தது. கிணற்றடியில் அவள் பேச்சுக்குரல் கேட்டது.

உயிர் திரும்பி வந்தது. வெள்ளிக்கிழமை, எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள். பின்வாசல் வரை போனார்.

உலகம்மை பலகையில் உட்கார்ந்திருந்தாள். முதுகு அவர் பக்கம். முடி அவிழ்ந்து கிடந்தது. சொட்டச் சொட்ட எண்ணெய். தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, பக்கவாட்டில் தெரிந்த கண்ணை மூடியிருந்தாள். முகத்தில் சிரிப்பு.

"ஒரு நாளும் இல்லாத திருநாளா எம் மண்டைக்கு எண்ண வைக்குதீங்க. பக்கத்து வீட்டுக்காரி பாத்தா சிரிக்கப் போறா" என்றாள்.

அவர் வாசற்படியில் நின்றார். அவளுக்கும் அவருக்கும் நடுவே பத்தடி. அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை.

முடி மட்டும் பிரிந்தது. வகிடு எடுத்ததுபோல. பிறகு சேர்ந்தது. பிறகு பிரிந்தது. நிதானமாக. தொழில் தெரிந்த கை.

"கை ஏன் இப்படிக் குளுருது?" என்றாள்.

அவளுடைய நெற்றிப் பொட்டில் தோல் குழிந்தது. பெருவிரல் அகலம். குழிக்கு நடுவே சாய்வாக ஒரு கோடு. அழுத்தியது. விட்டது. அழுத்தியது.

கத்த வேண்டும். அது நான் இல்லை என்று கத்த வேண்டும். அப்படியானால் யார் என்று அவள் கேட்பாள். அதற்கும் பதில் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. இத்தனை நாள் சொல்லாமல் அடக்கி வைத்த வாய். இப்போது அவருடைய பேச்சைக் கேட்கவில்லை.

குழி கீழே இறங்கியது. காதுக்குப் பின்னால். பிடரிக்கு. எண்ணெய் வழிந்த இடமெல்லாம் வழித்துக்கொண்டு, கழுத்துக்கு வந்து நின்றது.

தாலிச் சங்கிலி அவள் தோலைவிட்டு ஒரு விரல்கனம் மேலே எழும்பிற்று.

"சங்கிலி மாட்டுது, பாத்து" என்றாள் உலகம்மை, கண்ணைத் திறக்காமல், அதே சிரிப்போடு.

சங்கிலி ஒரு முறுக்கு முறுகியது.